மண்புழுப் பெட்டி: வீட்டில் அமைப்பதும் நலமாய்ப் பேணுவதும்

எங்கள் தெருவில் செவ்வாய் இரவுகளில் சிவப்பு மூடித் தொட்டிகள் வீதியோரம் வந்து நிற்கும். ஒரு காலத்தில் எங்கள் வீட்டுத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போவதே பெரும்பாடு. உள்ளே பாதிக்கு மேல் மரக்கறித் தோல், பழத்தோல், கீரைத் தண்டு, தேயிலைச் சக்கை. நாள்தோறும் சமைத்துச் சாப்பிடும் தமிழ் வீடுகளில் இது புதினமான விடயம் அல்ல. இப்படிக் குப்பையோடு போகும் உணவுக் கழிவு நிலத்தில் புதைக்கப்பட்டுக் காற்றில்லாமல் அழுகும்போது மீதேன் வாயு உண்டாகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வலுவாகப் பூமியைச் சூடாக்கும் வாயு. நியூ சவுத் வேல்ஸில் 2030 ஜூலைக்குள் எல்லா நகரசபைகளும் வீட்டு உணவுக் கழிவை வேறாக எடுக்க வேண்டும் என்று 2025இல் சட்டமும் வந்துவிட்டது.

ஆனால் நாங்கள் மண்புழுப் பெட்டி வைத்தது சட்டத்துக்காகவோ பூமிக்காகவோ அல்ல, அப்பாவுக்காக. எங்களில் ஒருவருக்கு அவர் அப்பா, மற்றவருக்கு மாமா. இந்தக் கட்டுரையில் அப்பா என்றே எழுதுகிறோம்.

அப்பா உரும்பிராயில் செம்மண் தோட்டம் செய்தவர். அம்மா காலமான பின் 2018இல் எங்களோடு சிட்னிக்கு வந்தார். எங்கள் வீட்டுப் பின்வளவு ஒரு சீமெந்துத் திண்ணையும் நாலு பூச்சாடியும்தான். நாங்கள் வேலைக்குப் போனால் அவர் யன்னலோரக் கதிரையில் இருப்பார். திரும்பி வரும்போதும் அதே கதிரையில் இருப்பார். நீரிழிவு கூடிக்கொண்டு போனது. நடக்கச் சொல்லி வைத்தியர் சொன்னார். "எங்கை நடக்கிறது, என்னத்துக்கு நடக்கிறது?" என்று கேட்டார். ஒருநாள் நாங்கள் கீரைத் தண்டைக் குப்பையில் போடுவதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பசளையையும் காசு குடுத்து எறியிறியள்" என்றார். அந்தக் கிழமையே பெட்டி செய்யத் தொடங்கினோம்.

எந்தப் புழு?

தோட்டத்தில் கிண்டினால் வருகின்ற மண்புழு இதற்கு உதவாது. அது ஆழத்தில் மண்ணைத் தின்று வாழ்வது. பெட்டிக்குள் அடைத்தால் நிலைக்காது. பழைய தமிழில் நாங்கூழ் என்று சொன்ன இந்த உயிர்களில் பல வகை உண்டு. பெட்டிக்கு வேண்டியது அழுகும் இலைகுழையில் மேல்மட்டமாக வாழும் வகை. அவுஸ்திரேலியாவில் புலிப்புழு, செம்புழு, இந்திய நீலப்புழு என்ற பெயர்களில் இவற்றைக் கலந்து விற்கிறார்கள். தோட்டச் சாமான் கடைகளில் வாங்கலாம், தபாலிலும் வரும். தொடக்கத்துக்கு 1,000 புழு போதும். நிறை ஏறத்தாழ 250 கிராம் இருக்கும். ஏற்கெனவே பெட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் இரண்டு கையளவு கேட்டு வாங்குங்கள். காசு மிச்சம்.

பெட்டி செய்யும் முறை

கடையில் பிளாஸ்டிக் தட்டுகளோடு ஆயத்தமான பெட்டி கிடைக்கிறது. நாங்கள் மரக்கறிக் கடையில் புறொக்கொலி வருகின்ற ரெஜிபோம் பெட்டிகள் மூன்றைச் சும்மா கேட்டு வாங்கினோம். ஒரே அளவானவையாகப் பார்த்து எடுங்கள்.

அடிப்பெட்டியில் துளை வேண்டாம். மேலிருந்து வடிகின்ற நீர் அதில் சேரும். மற்ற இரண்டு பெட்டிகளின் அடியிலும் பென்சில் பருமனில் இருபது துளை போடுங்கள். மூடியிலும் சில காற்றுத் துளைகள் போட்டு, ஈ நுழையாமல் உட்பக்கம் நுளம்பு வலைத் துண்டு ஒட்டுங்கள். துளையிட்ட பெட்டி ஒன்றை அடிப்பெட்டிக்கு மேல் வையுங்கள். மற்றதைப் பிறகு எடுக்கலாம்.

இனிப் படுக்கை. தென்னந்தும்புக் கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறவிட்டால் பெருத்து ஒரு வாளி தும்புச்சோறு ஆகிவிடும். நாங்கள் வாங்கிய கட்டியின் உறையில் இலங்கைத் தயாரிப்பு என்று இருந்தது. அப்பா அதை இரண்டு முறை வாசித்துவிட்டுச் சிரித்தார். அதோடு கீலம் கீலமாகக் கிழித்த பத்திரிகைத் தாளும் காட்போட் மட்டையும் நனைத்துக் கலந்து, 10 முதல் 15 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பரப்புங்கள். பளபளப்பான விளம்பரத் தாள் வேண்டாம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி மட்டும் வரவேண்டும். அதுதான் சரியான ஈரம். மண்புழு தோலால் மூச்சு விடுவது. காய்ந்தாலும் சாகும், தண்ணீரில் அமிழ்ந்தாலும் சாகும். கடைசியாக ஒரு கை பழைய தோட்ட மண் தூவி, புழுக்களை மேலே விட்டு, ஈரச் சாக்கால் மூடுங்கள். மண்புழுவுக்குக் கண் இல்லை, ஆனால் வெளிச்சம் பிடிக்காது. முதல் இரவு பெட்டிக்கு மேல் ஒரு விளக்கை எரியவிட்டால் வெளியே ஓடாமல் உள்ளே இறங்கிவிடும்.

எங்களது சமையலில் எது போடலாம்?

போடக்கூடியவை: மரக்கறித் தோல், கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், மாம்பழத் தோல், தேயிலைச் சக்கை, கோப்பிச் சக்கை, நொறுக்கிய முட்டைக்கோது. தேயிலைப் பை பாவிப்பவர்கள் கிழித்துத் தூளை மட்டும் போடுங்கள். பல பைகளில் பிளாஸ்டிக் நார் கலந்திருக்கிறது. முட்டைக்கோது புளிப்பைத் தணிக்கும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை ஒரு பிடி தூவுவது நல்லது.

கொஞ்சமாகப் போடவேண்டியவை: வெங்காயத் தோல், உள்ளித் தோல், தோடம்பழத் தோல், பிழிந்த தேசிக்காய், மிளகாய்க் காம்பு. இவை கூடினால் புழு அந்தப் பக்கமே போகாது.

போடவே கூடாதவை: இறைச்சி, மீன் செதில், எலும்பு, பால், தயிர், எண்ணெய், உப்பும் தூளும் சேர்ந்த கறி மிச்சம், நாய் பூனையின் கழிவு. துருவிப் பிழிந்த தேங்காய்ப்பூவிலும் எண்ணெய் இருக்கிறது, தவிர்ப்பதே மேல். மிஞ்சிய சோற்றைப் போட்டுப் பார்த்தோம். இரண்டே நாளில் புளித்து நாறியது.

அளவில்தான் பலரும் பிழை விடுகிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் புழுக்கள் தங்கள் நிறையில் பாதியளவை ஒரு நாளில் தின்னும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் 250 கிராம் புழுவுக்கு நாளொன்றுக்கு 125 கிராம். ஆனால் புதுப் பெட்டியில் அந்தளவு கூட வேண்டாம். முதல் கிழமைகளில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு கையளவு போதும். முன்பு போட்டது முடிந்த பிறகே அடுத்தது. சிறிதாக வெட்டிப் போட்டால் விரைவில் தின்னும். உணவு போடும் ஒவ்வொரு முறையும் அதேயளவு கிழித்த தாளும் போட்டு மூடுங்கள்.

நாற்றம், ஈ, எறும்பு

நன்றாக நடக்கும் பெட்டி மழை பெய்த மண் போலத்தான் மணக்கும். நாறினால் உணவு கூடிவிட்டது, அல்லது ஈரம் கூடிவிட்டது. உணவை நிறுத்தி, மெதுவாகக் கிளறிக் காற்று விட்டு, காய்ந்த தாள் கலந்துவிடுங்கள். சின்னப் பழ ஈக்கள் பறந்தால் உணவு மேலே கிடக்கிறது என்று பொருள். படுக்கைக்குள் புதைத்து மூடுங்கள். நூல் போன்ற வெள்ளைப் புழுக்கள் கூட்டமாகத் தெரிந்தால் புளிப்பு ஏறிவிட்டது. முட்டைக்கோதுத் தூள் போடுங்கள். அவை கெடுதல் செய்யாதவை. எறும்பு வந்தால் பெட்டி காய்ந்துவிட்டது; தண்ணீர் தெளியுங்கள். பெட்டியின் அடியில் கால்கள் பொருத்தி, ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் எறும்பு ஏறாது. ஊரில் சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்த அதே வேலைதான்.

வெயில்

15 முதல் 25 பாகை செல்சியஸ் வரை புழுவுக்கு மிகவும் சுகம். 30க்கு மேல் தவிக்கத் தொடங்கும். இதை நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டது பிந்தித்தான்.

2019 செப்டெம்பரில் தொடங்கிய பெட்டியை மேற்குப் பக்கத் திண்ணையில் வைத்திருந்தோம். 2020 புதுவருடத்துக்கு எல்லோருமாக மெல்பேணுக்குப் போனோம். ஜனவரி 4, சனிக்கிழமை, பென்றித்தில் 48.9 பாகை பதிவானது. எங்கள் பகுதியும் அன்று அடுப்பு மாதிரித்தான் இருந்திருக்கும். திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது ஒரு புழுவும் மிஞ்சவில்லை. நாற்றத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் குழி வெட்டித் தாட்டார். பிறகு பழைய கதிரைக்கே போய்விட்டார்.

மார்ச்சில் கொவிட் முடக்கம் வந்தது. வீட்டைவிட்டு வெளியே போக முடியாத அந்த நாட்களில் தபாலில் புதிதாக 1,000 புழு எடுத்துக் கொடுத்தோம். இந்த முறை தெற்குப் பக்கச் சுவரோரம் வைத்தோம். இந்த நாட்டில் சூரியன் வடக்கு வானில் போவதால் வீட்டின் தெற்குப் பக்கமே நிழலானது. கடும் வெயில் அறிவித்தால் அப்பா முதல்நாளே ஆயத்தமாவார். சாக்கை நனைப்பார், உணவு போடமாட்டார், ஏனென்றால் அழுகும் உணவும் சூடு தரும். தண்ணீர்ப் போத்தலை உறையவைத்து, ஈரத் துணியில் சுற்றி, சாக்குக்கு மேல் கிடத்துவார். பிறகு ஒரு கோடைக்கும் பெட்டி சாகவில்லை.

பசளை எடுப்பதும் பாவிப்பதும்

கீழ்ப்பெட்டி நிறையக் கறுத்த தூளாகியதும், எடுத்து வைத்த மூன்றாவது பெட்டியை அதற்கு மேலே வைத்து, அதில் படுக்கை போட்டு உணவையும் அதில் மட்டும் போடுங்கள். சில கிழமைகளில் புழுக்கள் துளைகளால் மேலே ஏறிவிடும். பிறகு கீழே உள்ளதை அள்ளலாம். புழுப் பசளையில் மட்டும் செடி நடக்கூடாது. ஒரு பங்குக்கு நாலைந்து பங்கு மண் கலக்க வேண்டும். சாடிச் செடிக்கு ஒரு விரல் தடிப்பில் மேலே தூவினாலும் போதும். அடிப்பெட்டியில் சேரும் நீரை வெளிறிய தேநீர் நிறம் வரும் வரை தண்ணீர் கலந்து, அதாவது ஒன்றுக்குப் பத்து, செடியின் அடியில் ஊற்றுங்கள்.

அப்பாவின் கறிவேப்பிலையும் வல்லாரையும் இப்படித்தான் தழைத்தன. பொன்னாங்காணி பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. 1990களில், பொன்னாங்காணி என்று எண்ணி இலங்கையர் பலர் இங்கு வளவுகளில் வளர்த்தது அலிகேற்றர் களை எனப்படும் தடைசெய்யப்பட்ட நீர்க்களை என்று கண்டுபிடிக்கப்பட்டது. யாராவது தண்டு ஒடித்துத் தந்தால் என்னவென்று நிச்சயமாகத் தெரியாமல் நடவும் வேண்டாம், புழுப் பெட்டிக்குள் போடவும் வேண்டாம்.

அப்பாவுக்கு வந்த காய்ச்சல்

இனிச் சொல்லப்போவதே இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

2022 ஒக்ரோபரில் அப்பாவுக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தன. கொவிட் என்றே நினைத்தோம். வீட்டுச் சோதனையில் இல்லை என்று வந்தது. மூன்றாம் நாள் மூச்சு வாங்கினார். இரவில் எங்களைப் பார்த்து, "தோட்டத்துக்குத் தண்ணி மாறியாச்சோ?" என்று கேட்டார். உரும்பிராயில் இருப்பதாக நினைத்துவிட்டார். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். எக்ஸ்றேயில் நியூமோனியா என்றார்கள். அங்கிருந்த இளம் வைத்தியர் கேட்ட கேள்வி எங்களுக்கு விசித்திரமாக இருந்தது: "அண்மையில் தோட்ட வேலை செய்தாரா? சாடி மண் பை திறந்தாரா?"

திறந்திருந்தார். ஐந்து நாளுக்கு முன், மழை என்பதால் கராஜின் கதவை மூடிக்கொண்டு, கடையில் வாங்கிய சாடி மண் பையை வெட்டிக் கொட்டி, புழுப் பசளையோடு வெறுங்கையால் கலந்தார். தூசி பறந்ததாம். சளியை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். லெஜியோனெல்லா லோங்பீச்சே என்ற பக்ரீரியா என்று முடிவு வந்தது.

இந்தக் கிருமி மண்ணிலும் சாடி மண்ணிலும் கூட்டெருவிலும் வாழ்வது. 1980களின் இறுதியில் தென் அவுஸ்திரேலியாவில் பலர் நோயுற்றபோதுதான் சாடி மண்ணோடு உள்ள தொடர்பு தெரியவந்தது. தூசியோ நுண்துளியோ மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைத் தாக்கும். பெரும்பாலும் 2 முதல் 10 நாளுக்குள் காய்ச்சல், இருமல், தலையிடி, மூச்சுத் திணறல் தோன்றும். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. 50 வயதுக்கு மேற்பட்டவர்கள், புகைப்பவர்கள், நீரிழிவு, சிறுநீரக அல்லது நுரையீரல் நோயுள்ளவர்கள், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். எங்கள் தோட்டக்காரப் பெற்றோரில் எத்தனை பேர் இந்தப் பட்டியலில் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பொதுச் சுகாதாரப் பிரிவிலிருந்து தொலைபேசியில் அழைத்து விபரம் கேட்டார்கள். சாடி மண்ணிலிருந்தா, புழுப் பெட்டியிலிருந்தா வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து அந்த வெறும் பையை எடுத்துப் பார்த்தோம். எச்சரிக்கை தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது; கையுறை, முகக்கவசம், காற்றோட்டமான இடம், எல்லாம் ஆங்கிலத்தில். பையை வாங்கி வந்தது நாங்கள். வாசித்துச் சொல்லாததும் நாங்கள்தான்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோடு அப்பா ஒன்பது நாள் வைத்தியசாலையில் இருந்தார். பழைய பலம் வர இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. அதற்குள் பெட்டியை வீசிவிடுவதென்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். ஆனால் அப்பா மறுபரிசோதனைக்குப் போனபோது எங்களை மொழிபெயர்க்கச் சொல்லி வைத்தியரிடமே கேட்டார்: "என்ரை புழுவை நான் என்ன செய்யிறது?" வைத்தியர் சிரிக்கவில்லை. விடச் சொல்லவும் இல்லை. முழுமையாகத் தேறும் வரை வேறொருவர் பார்க்கட்டும், பிறகு கவனமாகச் செய்யலாம் என்று, செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த இரண்டு மாதமும் நாங்கள்தான் புழுவுக்குத் தோல் வெட்டினோம். அப்பா யன்னலுக்குள் இருந்து மேற்பார்வை செய்தார்.

கவனிக்க வேண்டியவை

கூட்டெருக் குவியல் நன்றாக எரிந்தால் 55 பாகைக்கு மேல் சூடாகி, பல கிருமிகள் அதில் அழியும். புழுப் பெட்டி அப்படிச் சூடாவதில்லை; சூடானால் புழு இருக்காது. ஆகவே அதில் வருகின்ற பசளையைக் கிருமியற்றது என்று எண்ணவேண்டாம். பச்சையாகச் சாப்பிடும் வல்லாரை, கொத்தமல்லி போன்றவற்றின் இலைமேல் பெட்டி நீரை ஊற்றாதீர்கள். தெளிகருவியில் விட்டு விசிறவும் வேண்டாம். கீரையை ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் மண்ணைத் தொட முன் கட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்கக் கூடாது. ஏற்பு ஊசி போட்டுப் பத்து ஆண்டு கடந்திருந்தால் உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். தோட்ட வேலைக்குப் பின் காய்ச்சலும் இருமலும் வந்தால், மண்ணில் வேலை செய்ததை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

அப்பாவுக்கு இப்போது 77 வயது. காலைச் சாப்பாட்டுக்குப் பின் முகக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு பெட்டியடிக்குப் போவார். அயலிலுள்ள மூன்று வீடுகளுக்குப் புழு பிரித்துக் கொடுத்திருக்கிறார். கிழமைக்கொருமுறை அவற்றைப் பார்க்க நடந்து போய் வருகிறார். எங்கை நடக்கிறது என்று இப்போது கேட்பதில்லை.

கீழே உள்ளது பெட்டி மூடியில் அப்பா தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியது. வெட்டியெடுத்து உங்கள் வீட்டுப் புழுப் பெட்டியிலும் சாடி மண் பையிலும் ஒட்டுங்கள். ஆங்கிலம் வாசிக்காத பெரியவர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே ஒட்டுங்கள்.

1. கையுறையும் முகக்கவசமும் போட்ட பிறகே திறக்கவும்.
2. பையைத் திறந்த வெளியில், முகத்தைத் தள்ளி வைத்து, மெதுவாக வெட்டவும்.
3. தூசி பறக்காமல் முதலில் தண்ணீர் தெளித்து நனைக்கவும்.
4. மூடிய கராஜுக்குள் மண் கலக்க வேண்டாம்.
5. முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகே தேத்தண்ணி.